தராசில் ஏறிய தாய்வீடு

கருங்கல் டிப்பர்களை நிறுக்கும் தராசின் மேல் நாங்கள் போய் நின்றதும், கூண்டுக்குள் இருந்த ஆள் எட்டிப் பார்த்து, "உள்ளுக்கை என்ன அண்ணை, கல்லோ மணலோ?" என்று கேட்டான்.

"வீடு," என்றார் என் கணவர்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருக்குப் பகிடி வராது. அரசாங்க வேலையில் குளக்கட்டுகளை அளந்தே தலை நரைத்த மனிதர். காங்கேசன்துறைப் பக்கம் உள்ள அந்தக் கல் யார்டில் எங்களுக்குப் பின்னால் டிப்பர்கள் வரிசை கட்டி நின்று ஹோர்ன் அடித்தன. கெப் வாகனத்தின் முன் சீட்டில் இருந்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் மலைநாட்டுக்குப் புறப்பட வேண்டிய ஆட்கள் நாங்கள். தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே வந்து, கடலுக்குக் கிட்ட, ஒரு தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக வெள்ளிக்கிழமையைக் கழித்துக்கொண்டிருந்தோம்.

வீடு என்றால், இரண்டு சில்லு வைத்த ஒரு தகரப் பெட்டி. கெப்புக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வகை. உள்ளே இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஒரு காஸ் அடுப்பு, கை கழுவுகிற தொட்டி. கதவு பின்பக்கம். சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று கொடிகாமத்தில் ஒருவர் செய்வித்து, ஒருவரும் வராததால் வெயிலில் கிடந்து காய்ந்த பெட்டி அது. அதை என் கணவர் வாங்கி வந்து கரவெட்டியில் எங்கள் வளவுக்குள் விட்ட அன்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த நாளே உள்ளே போய் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்தவளும் நான்தான்.

காரணம் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஹட்டனுக்கும் மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மருமகன் கப்பலில் வேலை. எந்தக் கடலில் நிற்கிறான் என்று அவனுக்கே பாதி நாள் தெரியாது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் எங்கள் வழக்கம். அதற்காக நான் அறைக்கு வெள்ளையடித்து, பழைய நூல் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து, பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் சேர்க்கிற சரக்குகளை எல்லாம் வறுத்துக் காயவைத்திருந்தேன். ஏழாம் மாதம் மகளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. மலையால் இறங்கக் கூடாது, கட்டிலைவிட்டு எழும்பவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சரி, நான் போகலாம் என்று பார்த்தால், எனக்கு முந்திக்கொண்டு மருமகனின் தாய் போய்விட்டா. ஆசிரியர் குவாட்டர்ஸில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் மகள், மற்றதில் அவ. முறைக்கு எனக்கு மச்சாள். கலியாணத்தில் பலகாரத் தட்டு விசயமாக எங்கள் இருவருக்கும் முகம் கறுத்தது. அதற்குப் பிறகு விசேஷங்களில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான். என் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் அவ நிற்கிறா என்ற நினைப்பு என்னை இருக்கவும் விடவில்லை, கிடக்கவும் விடவில்லை. "மாமி நல்லாப் பாக்கிறா அம்மா, யோசியாதேங்கோ," என்று மகள் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன பயன்? அவளுக்கு வலி எடுக்கும்போது அவளுடைய கையை நான் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"பிள்ளை தாய்வீட்டுக்கு வர ஏலாட்டி, தாய்வீட்டைப் பிள்ளையிட்டைக் கொண்டுபோவம்," என்றார் என் கணவர். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் பெட்டியை விட்டுக்கொள்ள அனுமதியும் எடுத்துவிட்டார். அந்த ஒரு வசனத்துக்காக அவருடைய மற்றக் குணங்களை எல்லாம் மன்னிக்கலாம், இந்த நிறுக்கிற குணத்தைத் தவிர.

நிறுக்கிறது ஒரே தரத்தில் முடிகிற காரியமில்லையாம். முதலில் கெப்பைத் தனியே ஏற்றினார். பிறகு பெட்டியைக் கொழுவி, கெப்பின் நாலு சில்லும் மட்டும் தட்டில் நிற்கும்படி ஒரு தரம். பிறகு கெப் முன்னால் இறங்க, பெட்டியின் சில்லுகள் மட்டும் மேலே. ஒவ்வொரு தரமும் கூண்டுக்குள் தலையை நீட்டி இலக்கத்தைக் கேட்டு உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டார்.

"எல்லாத்தையும் மொத்தமா ஒருக்கா நிறுத்தாக் காணாதோ?" என்று கேட்டேன்.

"காணாதப்பா. பாரம் எவ்வளவு எண்டது ஒண்டு, அந்தப் பாரம் எங்கை இருக்குது எண்டது வேறை ஒண்டு. பெட்டியின்ரை பாரத்திலை பத்திலை ஒரு பங்கெண்டாலும் கொழுவுற முன்மூக்காலை கெப்பிலை அழுத்தவேணும். பின்பக்கம் கூடிச்செண்டால் மூக்குக் கிளம்பும். பேந்து ஓட்டத்திலை பெட்டி வாலாட்டத் தொடங்கும்."

"ஆட்டினா?"

"ஆட்டினா கெப்பையும் இழுத்துப் புரட்டிப்போடும். நாங்கள் போற இடத்திலை ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம். யோசிச்சுப் பாரும்."

யோசித்துப் பார்த்தேன்.

மூக்கில் பாரம் காணாது என்று முதல் நிறுவையில் தெரிந்தது. அவர் பெட்டிக்குள் புகுந்து காஸ் சிலிண்டரை முன்பக்கம் நகர்த்தினார். அடுத்தது என்னுடைய அம்மி. மிக்ஸியைக் கொண்டுபோகலாம் என்று அவர் எத்தனையோ தரம் மன்றாடியும் நான் கேட்கவில்லை. சரக்கு அம்மியில்தான் அரைபட வேண்டும். அதைக் கட்டிலுக்கு அடியில் முன் மூலைவரை உருட்டிக்கொண்டுபோய்க் கயிற்றால் கட்டினார். திரும்பவும் தட்டில் ஏறினோம், இறங்கினோம், ஏறினோம். டிப்பர்காரர் ஒருவர் பொறுமை இழந்து இறங்கி வந்து, "அண்ணை, அக்காவையும் ஒருக்காத் தட்டிலை ஏத்திப் பாருங்கோவன், கணக்கு முடிஞ்சிடும்," என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சீட்டில் இருந்தபடியே பல தரம் நிறுபட்டுவிட்டேன் என்று அவருக்கு யார் சொல்வது?

கடைசியில் கணக்குச் சரிவந்தது. என் கணவருடைய முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை மகளின் கலியாணத்தன்றும் நான் காணவில்லை. திரும்பி வரும்போது மருதனார்மடத்தில் ஆஞ்சநேயருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவோம் என்று கேட்டேன். சந்தைச் சனம் சந்தியை அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டியோடு உள்ளே நுழைந்தால் பின்னுக்கு எடுக்க அவருக்கு வராது. அதனால் ஓடுகிற கெப்பின் ஜன்னலால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நிறுத்துப் பாத்தாச்சு, இனி என்ன பயம்?" என்றார் அவர்.

ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் நிறுக்கவில்லை. அது எப்படி விடுபட்டது என்பதைச் சொன்னால் வெளியூர் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

புறப்படுகிற சனிக்கிழமை எனக்குச் சந்திராஷ்டமம். அந்த நாளை மாற்றவும் வழியில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு மைதானம் கிடைப்பது அன்றைக்குத்தான். இப்படி நாள் ஒத்துவராதபோது எங்களுடைய ஆட்களிடம் ஒரு வழி உண்டு. அதற்கு முந்திய ஒரு நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற சாமானில் முக்கியமானதைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படியிறங்கி, அயல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் குற்றமில்லை. ஒன்று மட்டும்: வைத்த சாமானைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. போகிற அன்று அங்கிருந்தே நேரே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அப்படித்தான் புதன்கிழமை காலை முன்வீட்டு அக்காவின் விறாந்தையில் கொண்டுபோய் வைத்தோம். சாத்திரத்துக்கு ஒரு பையை வைத்திருந்தாலே போதும். ஆனால் முக்கியமானது என்றதும் எனக்குக் கை நிற்கவில்லை. ஒரு மூடை மொட்டைக்கறுப்பன் அரிசி, ஒரு பெரிய கான் நல்லெண்ணெய், குழந்தைத் துணியும் சரக்கும் உள்ளியும் கருவாடும் அடைத்த தகர ட்ரங்குப்பெட்டி. பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரம் குறித்தவர் என் கணவர். மூடையைத் தோளில் சுமந்து வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கையைக் கடந்தவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை தராசடியில் நின்று பத்தில் ஒரு பங்கு பிரித்தவரும் அவரேதான். புதன்கிழமை மனிதரும் வெள்ளிக்கிழமை மனிதரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. எங்கள் இருவரின் மனத்திலும் அந்தச் சாமான்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டவை. வீட்டில் மிச்சம் இருந்ததைத்தான் நாங்கள் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தோம்.

சனிக்கிழமை விடிய நான் பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மச்சாள். அவ எனக்கு நேரே போன் எடுத்தது அதுதான் முதல் தரம்.

"பிள்ளைக்கு இரவு தலையிடி தாங்கேலாமல் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திட்டன். பிரஷர் இறங்குதில்லையாம். இனிப் பாத்துக்கொண்டிருக்கேலாது, காலமையே வயித்தை வெட்டிப் பிள்ளையை எடுக்கப்போறம் எண்டினம். நீங்கள் வெளிக்கிட்டிட்டியளோ?"

"இந்தா, வெளிக்கிட்டிட்டம்," என்றேன். பற்பசை நுரை வாயில் இருந்தது.

குறித்த நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. சேலையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்குமாக ஓடினேன், எதற்கு ஓடினேன் என்று தெரியாது. என் கணவர் அப்போதும் தன் ஒழுங்கு தவறாமல் ஒவ்வொரு டயராக அமத்திப் பார்த்தார். கொழுக்கியைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பின் லைட் எரிகிறதா என்று என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

"எரியுது! எல்லாம் எரியுது! ஏறுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அயலில் நாய்கள் குரைத்தன.

முன்வீட்டுப் படலையில் கெப்பை நிறுத்தினோம். அரிசி மூடை வந்தது, எண்ணெய்க் கான் வந்தது, ட்ரங்குப்பெட்டி வந்தது. கதவு பின்பக்கம் என்பதால் எல்லாம் கதவடியிலேயே இறங்கின. உள்ளே தூக்கிப்போய் வைக்க யாருக்குப் பொறுமை? இதற்குள் அக்கா ஒரு சாக்குத் தேங்காயை இழுத்துக்கொண்டு வந்தா. "மலையிலை எங்கடை தேங்காய் மாதிரிக் கிடைக்குமே? பிள்ளைக்குச் சொதி வைக்க வேணும்." வேண்டாம் என்று சொன்னால் அவவின் மனம் நோகும், பயணம் போகிற நேரத்தில் ஒருவரை நோகவைத்துவிட்டுப் போகலாமா?

"எங்கை வைக்க?" என்று என் கணவர் கேட்டார்.

"எங்கையெண்டாலும் வையுங்கோ! கெதியா வையுங்கோ!" என்றேன்.

கொடிகாமம் வரை ரோட்டில் வளைவுகள். மெதுவாகத்தான் போனோம், எனக்குத்தான் அது நத்தை ஊர்வதாக இருந்தது. மடியில் போனை வைத்துக்கொண்டு, அது அடிக்கவில்லையே என்று ஒரு பயம், அடித்துவிடுமோ என்று இன்னொரு பயம். கண்டி வீதியில் ஏறியதும் நேர் ரோடு. காலை நேரம், வாகனம் குறைவு.

"அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அமத்துங்கோவனப்பா."

"போறன்தானே."

"உதென்ன போக்கு? நடந்து போற ஆளும் முந்திப்போடுவான். நிறுத்துத்தானே பாத்தனீங்கள்?"

நிறுத்துப் பார்த்தது என்றதும் அவருக்கும் ஒரு துணிவு வந்தது. அமத்தினார். முகமாலை கழிந்து பளைக்குக் கிட்டப் போகும்போது, கொழும்புக்குப் போகிற பெரிய பஸ் ஒன்று எங்களை இரைந்துகொண்டு முந்தியது. அந்தக் காற்று பட்டதும் பின்னால் யாரோ பெட்டியைப் பிடித்துத் தள்ளியது போல இருந்தது. ஒரு தரம் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். கண்ணாடியில் பார்த்தேன். என் பூப்போட்ட திரை ஒரு பக்கம் தெரிந்தது, மறைந்தது, மற்றப் பக்கம் தெரிந்தது. கெப்பின் பின்பகுதி ரோட்டை விட்டுக் கிளம்புவது சீட்டில் தெரிந்தது.

"பிரேக்கை அமத்துங்கோ!" என்று கத்தினேன்.

"வாயை மூடும்!"

இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. மூடினேன். அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அக்ஸிலேட்டரில் இருந்து காலை மெள்ள எடுத்தார். பெட்டி இன்னும் சில தரம் எங்களை ஆட்டியது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. கடைசியில் ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால், புல் ஓரத்தில், கெப் நின்றது. முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண் விளக்குமாறும் கையுமாக எங்களைப் பார்த்தாள்.

அவர் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். நானும் போனேன். அரிசி மூடை, எண்ணெய், ட்ரங்குப்பெட்டி, தேங்காய்ச் சாக்கு, எல்லாம் கதவடியில் ஒன்றோடு ஒன்று நெரிந்துகொண்டு கிடந்தன.

"புதன்கிழமை," என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. கொழும்பு பஸ் வராமல் இருந்திருந்தால் இந்த ஆட்டம் மலையில், பள்ளத்துப் பக்கம் அல்லவா வந்திருக்கும் என்பதும் விளங்கியது. ஆனால் அதற்காக நன்றி சொல்ல என் மனம் ஒரு நிலையில் இல்லை. சாமானை எல்லாம் வெளியே இறக்கி, உள்ளே முன்பக்கம் கொண்டுபோய் அடுக்க வேண்டும். அவர் மூடையின் ஒரு காதைப் பிடித்தார், நான் மற்றதைப் பிடித்தேன். ரோட்டோரத்தில் வைத்தோம். எண்ணெய்க் கானை இறக்கினோம். தேங்காய்ச் சாக்கின் வாய் அவிழ்ந்து தேங்காய்கள் கண்டி வீதியில் உருண்டன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடும்போதுதான் போன் அடித்தது.

"பொம்பிளைப் பிள்ளை," என்றா மச்சாள். "ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சின்னன்தான், எண்டாலும் நல்லா மூச்சு விடுதாம். கண்ணாடிப் பெட்டிக்கை வைச்சிருக்கினம்."

"எங்கடை பிள்ளை?"

"இப்பதான் மயக்கம் தெளிஞ்சது. உயிருக்குப் பயமில்லையாம்." செருமிக்கொண்டா. "கண்ணை முழிச்சதும் உங்களைத்தான் கேட்டவள். ‘அம்மா வந்திட்டாவோ’ எண்டு. பிரஷர் இன்னும் இறங்கேல்லை, அழவிடாதேங்கோ எண்டு நேர்ஸ் சொன்னவ. நான் என்ன செய்ய? ‘ஓம் பிள்ளை, அம்மா வந்திட்டா, வாசல்லை நிக்கிறா, உள்ளுக்கை விடுறாங்களில்லை’ எண்டு சொல்லிப்போட்டன். அவளும் நம்பிப்போட்டுக் கண்ணை மூடிட்டாள். எங்கை மச்சாள் நிக்கிறியள்?"

ஒரு கையில் போன், மற்றக் கையில் தேங்காய். பளை என்ற சொல் எனக்கு வாயால் வரவில்லை. என் பிள்ளை கண் விழித்த நேரத்தில் அவளுடைய கையைப் பிடித்திருந்தது இந்த மனுசி. அந்த இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், நான் வந்து வாசலில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறா. கலியாண நாளில் இருந்து இவவைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்!

"வாறம்," என்றேன். "அவளை விட்டிட்டு அங்காலை இஞ்சாலை போயிடாதேங்கோ மச்சாள்."

"நான் எங்கை போறது?" என்றா.

நான் நடுரோட்டில் நின்று அழுதேன். அதைக் கண்டதும் என் கணவர் ஒன்றும் கேட்காமல் அரிசி மூடையின் மேல் இருந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்து, "பேத்தி, பேத்தியப்பா, ரெண்டு பேரும் சுகம்," என்று சொன்னேன். அவர் உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எழும்பி மூடையின் காதைப் பிடித்தார். "வாரும், அடுக்குவம். ஒழுங்கா அடுக்கி மெள்ளப் போனால் பின்னேரம் தாண்டிப் போய்ச் சேரலாம்."

"கழட்டுங்கோ," என்றேன்.

"எதை?"

"வீட்டை."

"விசரே உமக்கு? போய் எங்கை படுக்கிறது?"

"நீங்கள் கெப்பிலை படுங்கோ. நான் மச்சாளின்ரை பாயிலை படுப்பன்."

அவர் குனிந்து சங்கிலியை அவிழ்த்தார். விளக்குமாறோடு நின்ற பெண் கதையைப் பாதி கேட்டு, பாதி ஊகித்து, படலையை அகலத் திறந்துவிட்டாள். "வளவுக்கை தள்ளி விட்டிட்டுப் போங்கோ அக்கா, நாங்கள் பாப்பம்," என்றாள். இறக்கிய சாமானைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் தள்ளினோம். ட்ரங்குப்பெட்டியில் இருந்து குழந்தைத் துணிகளை மட்டும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு நான் ஏறினேன்.

இழுக்க ஒன்றும் இல்லாத கெப் துள்ளிக்கொண்டு ரோட்டில் ஏறியது. பளையில் இருந்து அந்த ஆஸ்பத்திரி ஒரு பகல் ஓட்டம். அதன் வாசலில் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.